பதினோராம் மெட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றை வீணையின் பதினோராம் மெட்டின் (தந்தியை அமுக்குவதற்காக மெழுகில் பதித்த பித்தளைக் குறுக்குப் பட்டை) மேல் வைத்து, ஆதி தாளத்தில் மூன்று ஆவர்த்தனம் (ஓர் ஆவர்த்தனம் எட்டு எண்ணிக்கை) எண்ணி, இளகிய மெட்டை மூங்கில் குச்சியால் மூன்று மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினேன். ஆறியதும் மீட்டிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு மாதத்தில் நான் அந்த மெட்டின் சுரமான நிஷாதம் (நி) வாசித்து அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்றுதான். அந்தச் சூட்டோடு, நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

திருச்சியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 51. பாட்டு கேட்பேன், அவ்வளவுதான். வீணை மாமியாருடையது. அவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். என் மனைவி அவரிடம் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே பத்து வருடம் அந்தப் பாடங்களைக் கேட்டு வளர்ந்தவள். வாசிக்கத் தெரியாது, தப்பைச் சொல்லத் தெரியும். வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது கற்றுக்கொள்கிறவனுக்கு வரமா என்றால், முதல் ஆறு மாதம் நிச்சயமாக இல்லை.

போன வருடம் ஆடி மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது வீணையை இறக்கினோம். பழைய நூல் புடவையில் சுற்றி, பத்தொன்பது வருடமாக அங்கே கிடந்திருக்கிறது. ஏழு தந்திகளில் இரண்டுதான் மிச்சம், அவையும் துருப்பிடித்தவை. இடது பக்கத்துச் சுரைக்காய் நசுங்கியிருந்தது. குதிரையின் (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) மேல் தகடு பச்சை பூத்திருந்தது. இருபத்து நான்கு மெட்டுகளில் மூன்றைக் காணவில்லை. மூன்றும் மேல் ஸ்தாயியில், ஆரம்பப் பாடத்துக்கு வேண்டாதவை. மெட்டுகளைத் தாங்கும் கறுப்பு மெழுகு, தண்ணீர் வற்றிய ஏரியின் மண்ணைப் போல வெடித்திருந்தது. குடமும் (உருண்டையான அடிப்பகுதி) தண்டியும் (மெட்டுகள் நிற்கும் நீண்ட பகுதி) மட்டும் அப்படியே இருந்தன. பலா மரம், அத்தனை கோடையைப் பரணில் கழித்தும் விரிசல் இல்லை. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை அல்ல, தனித்தனியாகச் செய்து பொருத்திய ஒட்டு வீணை. பொருத்தின இடத்தில் நகத்தை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. இதைச் சரிசெய்துவிடலாம் என்று அப்போதே தோன்றிவிட்டது. புதிய வீணைக்கும் விசாரித்தேன். அந்தப் பணத்துக்கு 5 எச்.பி. மோட்டார் இரண்டு வாங்கலாம்.

முதல் செலவு தந்தி, ஒரு செட் 400 ரூபாய். வாசிக்கும் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. கம்பியின் தடிமனைப் பார்த்து இடம் கண்டுபிடிப்பது என் தொழில் என்ற நினைப்பில் பொட்டலத்தில் இருந்த துண்டுச்சீட்டைப் படிக்காமல் மாட்டினேன். மந்தரமும் அனுமந்தரமும் இடம் மாறிவிட்டன. தடித்தது அனுமந்தரத்துக்குப் போக வேண்டும். மெலிந்ததைக் கீழ்ப் பஞ்சமத்துக்கு இறக்கியதும் அது துணிக்கொடி மாதிரி தொங்கியது. கழற்றி மாற்றும்போது ஒன்று முறிந்தது. சாரணியையும் ஒரு தடவை அறுத்தேன். அது வேறு கதை. அலைபேசியில் சுருதிச் செயலியை இறக்கி, அது ஐந்து கட்டையில் (கட்டை எண் கூடினால் சுருதி உயரும்) இருப்பதைப் பார்க்காமல் அந்த ச-வுக்குப் பிருடையை (தந்தியை முறுக்கும் குமிழை) முறுக்கிக்கொண்டே போனேன். மூன்று கட்டைக்குச் சேர வேண்டிய தந்தி. அறுந்த முனை முழங்கையில் கோடு போட்டுவிட்டுப் போனது.

பிருடைகள் நிற்காமல் வழுக்கின. முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் ஒரு நிமிடத்தில் சுருதி இறங்கிவிடும். பிருடையை வெளியே இழுத்து, அது துளையில் உரசும் இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து, அழுத்திச் சொருகினேன். நின்றது. இந்த வருடத்தில் நான் முதல் தடவையிலேயே சரியாகச் செய்த வேலை இது ஒன்றுதான்.

ஆவணியில் வகுப்பில் சேர்ந்தேன். வாரம் இரண்டு நாள், மாதம் 1,000 ரூபாய். டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னைச் ‘சார்’ என்பார். மற்ற மாணவர்கள் எல்லோரும் என் இடுப்பளவு உயரம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, குடத்தைத் தரையில் வலப்பக்கம் வைத்து, சுரைக்காயை இடது தொடை மேல் தாங்கி, இடது கையைத் தண்டிக்குக் கீழாகச் சுற்றி மேலே கொண்டுவர வேண்டும். நாற்பது நிமிடம் இப்படி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் வலது கால் என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மீட்டுவதற்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி. சுண்டு விரல் தாளத் தந்திகளுக்கு. கம்பி இழுத்து இழுத்து என் கைகள் காய்த்துப்போனவைதான். ஆனால் காய்ப்பு உள்ளங்கையிலும் கட்டைவிரலின் பக்கவாட்டிலும் இருந்தது. வீணைக்கு வேண்டியது இடது கையின் இரண்டு விரல் நுனிகளில். மூன்றாவது வாரம் நுனியில் கோடு விழுந்து தோல் பிளந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாசிக்கச் சொன்னார் டீச்சர். எரிச்சல் குறைந்தது, வழுக்கலும் நன்றாக வந்தது. மாதக் கடைசியில் சின்ன வாய்க்கால் மாதிரி இரண்டு பள்ளம் நிரந்தரமாகிவிட்டது.

பாடம் சரளி வரிசை (சுரங்களை ஏறி இறங்கி வாசிக்கும் முதல் பயிற்சி), மாயாமாளவகௌளை ராகத்தில். 72 மேளகர்த்தாக்களில் (தாய் ராகங்களில்) 15ஆவது. ஆரம்பப் பாடத்தை இதில் அமைத்தவர் புரந்தரதாசர் என்று சொல்வார்கள். வீணையில் இதன் இடங்களை எண்ணில் சொல்லிவிடலாம். முதல் தந்தியான சாரணியை அமுக்காமல் மீட்டினால் ச. ரி ஒன்றாம் மெட்டு, க நான்கு, ம ஐந்து. ப ஏழு, த எட்டு, நி பதினொன்று, மேல் ச பன்னிரண்டு. முதல் பாதியின் நடையே இரண்டாம் பாதிக்கும். கேட்பதற்குச் சுலபம். என் வீணையில் மேருவிலிருந்து (தலைப்பக்கம் தந்தி தொடங்கும் இடம்) குதிரைவரை 82 செ.மீ. ரி-யிலிருந்து க-வுக்கு 12 செ.மீ.க்கு மேல் தாவ வேண்டும். அடுத்த ம நாலு செ.மீ. கூட இல்லாத தூரத்தில் இருக்கிறது. த-விலிருந்து நி-க்கு 8 செ.மீ., அங்கிருந்து மேல் ச இரண்டரைக்கும் உள்ளே. அதாவது ஒரு பெரிய தாவல், உடனே ஒரு சின்ன அடி. மேலே போனால் அதே நடை, குறுகிய படிகளில். ஏறும்போது பெரிய தாவலில் தவறி விழுவேன், இறங்கும்போது சின்ன அடியில் மிதித்துவிடுவேன்.

புரட்டாசி முடிவதற்குள் சரளி பதினான்கும் இரண்டு காலத்தில் (வேகத்தில்) கைக்கு வந்துவிட்டன. ஆனால் வீட்டில் வாசித்தால் மட்டும் ஏதோ நெருடியது. வகுப்பில் டீச்சரின் வீணையில் வாசித்தால் அவ்வளவு நெருடல் இல்லை. மனைவி ஒவ்வொரு நாளும் ஒரே தீர்ப்பைச் சொன்னாள்: “மேல் ச ஏறி நிற்கிறது.” என் காதின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கத்து பேரிங் போகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதே இதில் குழம்பியது. கை பழகவில்லை என்று நினைத்து, காலை ஐந்தரை மணிக்கு எழுந்து இரண்டு மாதம் வாசித்துத் தள்ளினேன். தப்பான சுருதியில் இரண்டு மாதம் சாதகம் செய்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

கண்டுபிடித்தது ஒரு சின்னச் சோதனையில். பட்டறைக்கு வந்த ஒரு கல்லூரிப் பையன் கித்தார் வாசிப்பவன், அவன் சொல்லிக்கொடுத்தான். சாரணியின் நடுப்புள்ளியில், பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே, தந்தியை அமுக்காமல் விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து, மீட்டிய கணத்தில் விரலை எடுத்தால் மணி மாதிரி ஒரு மேல் ச ஒலிக்கும். அதில் மெட்டுக்கு வேலை இல்லை. தந்தி தானே இரண்டாகப் பிரிந்து சொல்கிற உண்மை. பிறகு அதே இடத்தில் மெட்டோடு அமுக்கி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மெட்டு சரி. எனக்கு இரண்டும் இரண்டு ஊராக இருந்தன. செயலியில் பார்த்தால், அமுக்கியது 30 சென்ட் கூட. அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்று கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் யாருடைய காதுக்கும் உறுத்தும்.

சந்தோஷமாக இருந்தது. குற்றம் என் கையில் இல்லை, மெழுகில். மெழுகை இளக்கி மெட்டை நகர்த்துவது எனக்கு ஒரு வேலையா?

இங்கிருந்து நான் செய்ததை யாரும் செய்ய வேண்டாம். கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பட்டறைக்கு வீணையை எடுத்துப் போனேன். மேருவிலிருந்து குதிரைவரை எஃகு ஸ்கேலை வைத்து அளந்து, கால்குலேட்டரில் கணக்குப் போட்டேன். 82-ஐ 1.0595 ஆல் வகுத்தால் முதல் மெட்டிலிருந்து குதிரைவரை இருக்க வேண்டிய நீளம். அதை மறுபடி வகுத்தால் இரண்டாவது. இப்படிப் பன்னிரண்டு தடவை வகுத்தால் பாதி நீளமான 41-இல் வந்து நிற்கும். ஐந்தாம் மெட்டு கிட்டத்தட்ட கால் பங்கில், ஏழாம் மெட்டு மூன்றில் ஒரு பங்கில் என்று எல்லாம் அழகாக அமைந்தது. பென்சிலால் குறித்தேன். மெழுகை இளக்க, சுருங்கு குழாய்களுக்குப் பயன்படுத்தும் ஹீட் கன்னை எடுத்தேன்.

தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும். ஹீட் கன் குறைந்த வேகத்திலேயே அதைப் பல மடங்கு தாண்டும். இது எனக்குத் தெரியாததல்ல; அவசரம். முதல் நான்கு மெட்டுகள் பரவாயில்லை. ஐந்தாவதில் மெழுகு பளபளத்தது, ஆறாவதில் ஒழுகியது. இரண்டு மெட்டுகளுக்கு நடுவே விரல் இறங்குவதற்கென்று குடைந்திருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. நான் ஒழுகலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தண்டியின் ஓரத்தில் மெருகு கொப்புளித்தது. மாமியார் வாங்கிய காலத்திலிருந்து இருந்த மெருகு. துணியை ஈரமாக்கி வைத்தேன், தோல் மாதிரி உரிந்து வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். குறித்த இடங்களில் பன்னிரண்டு மெட்டுகளையும் நட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆறிய பிறகு தந்திகளை ஏற்றினேன். மெட்டுகளின் உயரம் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை, அதனால் பாதிச் சுரங்கள் கரகரத்தன. மற்றப் பாதி முன்பு இருந்த மாதிரியே ஏறி நின்றன. சரியாக 41 செ.மீ.யில் நட்ட பன்னிரண்டாம் மெட்டு இன்னும் கிட்டத்தட்ட 30 சென்ட் கூடக் காட்டியது. மூன்று தடவை அளந்தேன். அளவு சரி, சுரம் தப்பு. வீட்டுக்கு எடுத்துப் போனபோது மனைவி கொப்புளத்தைத்தான் முதலில் பார்த்தாள். அன்று இரவு எங்கள் வீட்டில் பேச்சு குறைவு.

மார்கழியில் தஞ்சாவூருக்கு எடுத்துப் போனேன். வீணைக்குப் போர்வை சுற்றி, பஸ்ஸின் கடைசி சீட்டில் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டேன். நான்கடிக்கு மேல் நீளம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். நியாயம்தான், ஓர் ஆள் இடத்தை அது எடுத்துக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் போன பட்டறையில் அந்தப் பெருமையைப் பற்றி எவரும் பேசவில்லை. பண்ருட்டியிலிருந்து வந்த பலாக் கட்டைகள் ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்தன; அரைகுறையாகக் குடைந்த குடம் ஒன்றில் பூனை படுத்திருந்தது. எழுபது வயதுப் பெரியவர், வீணையைத் திருப்பிக் கொப்புளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பிக்கு என்ன தொழில்?”

சொன்னேன். “அதுதான்” என்றார்.

புதிதாக மேளம் கட்ட (மெழுகு வைத்து மெட்டுகளைச் சுருதிக்கு நட), காணாமல் போன மூன்று மெட்டுகள் சேர்த்து 6,000 ரூபாய். குதிரைத் தகட்டில் தந்தி உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தது. அதை இழைத்துத் தர 800. மெருகுக்கு 700. சுரைக்காய் 1,200, இப்போது காகிதக் கூழில் செய்தது வருகிறது, எடை குறைவு. மெட்டு நடுகிற அன்று கூப்பிடுங்கள், நான் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எட்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

அன்று பார்த்ததை விவரமாக எழுதுகிறேன். பழைய மெழுகு முழுவதையும் சுரண்டி எடுத்திருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சிய உருண்டை ஒரு சட்டியில் இருந்தது. வெந்நீரில் கை நனைத்துக்கொண்டு அதைப் பிசைந்து, தண்டியின் இரு ஓரச் சட்டங்கள் மேலும் கயிறு மாதிரி நீளமாக வைத்தார். தந்திகளை ஏற்றி, சாரணியை ச-வில் நிறுத்தினார். முதலில் பன்னிரண்டாம் மெட்டு, பிறகு ஏழாவது. மெட்டை மெழுகில் லேசாக ஊன்றி, மீட்டி, பக்கத்துத் தாளத் தந்தியோடு சேர்த்துக் கேட்டு, கட்டைவிரலால் ஒரு தட்டு. மறுபடி மீட்டு. மறுபடி தட்டு. இரண்டு சுரமும் உரசும்போது வருகிற அந்த அலை அடங்குகிறவரை விடவில்லை. பையிலிருந்து நான் டேப்பை எடுத்தேன், பன்னிரண்டாவது எங்கே நிற்கிறது என்று பார்க்க.

“டேப் சொல்கிற இடத்தில் மெட்டை வைத்துவிட்டால், அப்புறம் தந்தியை யார் அமுக்குவது?” என்றார் தலையைத் தூக்காமல்.

எனக்கு உறைத்தது. தந்தி மெட்டின் மேல் படுத்திருப்பதில்லை. சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. விரல் அதைக் கீழே இறக்கும்போது தந்தி இழுபட்டு இறுகுகிறது, சுரம் ஏறுகிறது. என் கால்குலேட்டருக்கு இந்த இழுப்பு தெரியாது. அவர் நிறுத்திய பன்னிரண்டாவதை அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அளந்தேன்: நடுப்புள்ளியிலிருந்து நாலு மில்லிமீட்டர் மேருப் பக்கம். இழுபடுவதால் ஏறும் சுரத்தை, தந்தியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி ஈடு கட்டியிருக்கிறார். நாலு மில்லிமீட்டர் என்பது எல்லா வீணைக்கும் அல்ல. இந்த வீணைக்கு, இந்தத் தந்திகளுக்கு, இந்த உயரத்துக்கு. இருபத்து நான்கும் ஊன்றி முடிய மாலை நாலு மணி ஆனது. மெட்டுகளின் தலை ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்தார், மரச்சட்டம் ஒன்றை வைத்தும் பார்த்தார். கடைசியாகச் சூடான கத்தியால் மெட்டுகளுக்கு நடுவே மெழுகைப் பிறை பிறையாக வழித்தெடுத்தார். வழித்த மெழுகைச் சட்டியில் சேர்த்துக்கொண்டார். ஓர் எலுமிச்சை அளவு எனக்கும் உருட்டிக் கொடுத்தார். “வெயில் காலத்தில் வேண்டியிருக்கும். அந்தக் காற்றடிக்கிற துப்பாக்கியை மட்டும் எடுக்காதீர்கள்.”

வீட்டுக்கு வந்த வீணையில் முதல் வேலையாகச் சோதனை செய்தேன். தொட்டு எடுத்த மேல் ச-வும் தஞ்சாவூரில் பெரியவர் வாசித்துக் காட்டிய மேல் ச-வும் ஒன்று. நான் வாசித்தது ஒன்றாக இல்லை. மனைவி வந்து நின்று கேட்டுவிட்டு, “குறைந்திருக்கிறது. ஆனால் இன்னும் ஏறித்தான் இருக்கிறது” என்றாள். 6,000 ரூபாய் கொடுத்துவிட்டு இதைக் கேட்பது சுலபமல்ல.

டீச்சரிடம் சொன்னேன். அவர் என் இடது கையை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்தார். “சார், நீங்கள் அமுக்கவில்லை, இறுக்குகிறீர்கள்” என்றார். வீணையில் மெட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருப்பதால், விரலைப் பள்ளத்தின் நடுவில் வைத்து அழுத்தினால் தந்தி எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் இறங்கும்; சுரமும் அவ்வளவு ஏறும். விரல் மெட்டை ஒட்டி நிற்க வேண்டும், தந்தி மெட்டைத் தொடுகிற அளவு கனம் மட்டும் போட வேண்டும். அன்று இரவு செயலியை எதிரே வைத்து எழுதிக்கொண்ட கணக்கு இது, எல்லாம் பன்னிரண்டாம் மெட்டில்: லேசாக, மெட்டை ஒட்டி என்றால் முள் நடுவில். என் வழக்கமான அமுக்கல் 15 சென்ட் கூட. போல்ட்டை இறுக்குகிற மாதிரி அமுக்கினால் 40. ஆக, முதலில் இருந்த 30 சென்ட் தப்பில் பாதி மெட்டுடையது, பாதி என்னுடையது. இரண்டு பேரும் சேர்ந்து செய்ததால்தான் யார் மேல் பழி என்று தெரியாமல் இரண்டு மாதம் போயிருக்கிறது.

கையைத் திருத்தத் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் போயின. செய்தது ஒரே பயிற்சி. ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, தந்தி கரகரக்கிறவரை கனத்தைக் குறைப்பது. பிறகு கரகரப்பு நிற்கிற அளவு மட்டும் கூட்டுவது. அந்த இடத்தில் எட்டு எண்ணிக்கை நிற்பது. அடுத்த சுரம். கேட்கிறவர்களுக்கு இதைவிடச் சலிப்பான ஒன்று கிடையாது. இதே நேரத்தில் செயலியை வைத்து, பெரியவர் கட்டிய பன்னிரண்டு மெட்டுகளின் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மோட்டாருக்கு ஓம் அளவு எழுதி வைக்கிற பழக்கம். இந்த ஒரு பக்கம் பிறகு என்னைக் காப்பாற்றியது. என் பக்கத்தில் உட்கார்கிற மூன்றாம் வகுப்புச் சிறுமி இதற்குள் ஜண்டை வரிசையை (சுரங்களை இரட்டித்து வாசிக்கும் பயிற்சி) முடித்து அலங்காரத்துக்கு (தாளங்களில் அமைந்த அடுத்த பயிற்சி) போய்விட்டாள். நான் ஜண்டையில் நாலாவதில் இருந்தேன்.

சித்திரையில் அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு நி மட்டும் நெருட ஆரம்பித்தது. மனைவி சொல்வதற்கு முன் எனக்கே கேட்டது. அதில் ஒரு பெருமை. ஆனால் அதே பழைய குழப்பம்: கையா, மெட்டா? இந்தத் தடவை நோட்டு இருந்தது. லேசாக அமுக்கி எல்லாவற்றையும் பார்த்தேன். மற்றப் பதினோரு மெட்டுகளின் முள் நோட்டில் எழுதிய இடத்திலேயே நின்றது. பதினோராவது மட்டும் 12 சென்ட் கூட. கை தப்பென்றால் எல்லா மெட்டிலும் தப்பியிருக்கும். தைரியமாக மெட்டைக் குற்றவாளி என்று எழுதினேன்.

ஏன் அது மட்டும்? வீணை இருந்த அறையின் மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் ஒரு பட்டையாக விழும். நாலரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். பட்டை சரியாகத் தண்டியின் நடுவில், பத்தாம் மெட்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையே கிடந்தது. கறுப்பு மெழுகு, நேர் வெயில், திருச்சியின் மே மாதம். விரல் வைத்தால் சுட்டது. த-விலிருந்து நி-க்கு வழுக்கிப் போய் நான் பிரேக் போடுகிற இடமும் அதுதான். இளகிய மெழுகில் தினமும் ஒரு தள்ளு. மெட்டு மூன்று மில்லிமீட்டர் குதிரைப் பக்கம் போயிருந்தது. வீணையை உள்ளறைக்கு மாற்றினேன். சரிசெய்யும் வேலையை வெயில் தணிகிறவரை தள்ளிப் போட்டேன். அவசரத்துக்கு ஒரு தடவை கூலி கொடுத்தாயிற்று.

செய்த முறை: தந்திகளை முழுக்கக் கழற்றவில்லை, சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் நான்கையும் தளர்த்தி ஓரமாக ஒதுக்கினேன். சுற்றியிருந்த மெருகின் மேல் நனைத்துப் பிழிந்த துணி. 25 வாட் அயர்னின் முனையில் ஈயம் ஒட்டாமல் துடைத்து, அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றினேன். இல்லாவிட்டால் பித்தளையில் கறை பிடிக்கும். சூட்டை மெழுகுக்குக் கொடுக்கக்கூடாது, மெட்டுக்குக் கொடுக்க வேண்டும். பித்தளை சூட்டை எடுத்துக்கொண்டு தன்னைச் சுற்றியுள்ள மெழுகை மட்டும் இளக்கும். பக்கத்துப் பள்ளங்கள் அசையாது. ஒரு முனையில் ஆதி தாளம் மூன்று ஆவர்த்தனம், ஓர் எண்ணிக்கைக்கு ஒரு விநாடி. மறுமுனையில் மூன்று. நோட்டில் எழுதும்போது ‘24 விநாடி’ என்று எழுதினேன், ஆனால் வாய் தானாகத் தாளம்தான் எண்ணியது. மூங்கில் குச்சியால் இரு முனையையும் மாற்றி மாற்றித் தட்டி மேருப் பக்கம் கொண்டுவந்தேன். மெட்டின் தலையில் மரச்சட்டத்தை வைத்து, அக்கம்பக்கத்து மெட்டுகளோடு மட்டம் பார்த்தேன். ஈரத்துணியால் தொட்டு ஆறவிட்டேன். முதல் தடவை அதிகமாகத் தள்ளி 8 சென்ட் குறைந்துவிட்டது. மறுபடி இரண்டு ஆவர்த்தனச் சூடு, ஒரு தட்டு. மெழுகு விலகிய இடத்தில் தெரிந்த சின்ன இடுக்கைப் பெரியவர் கொடுத்த உருண்டையிலிருந்து ஒரு கடுகளவு கிள்ளி அடைத்தேன். மொத்தம் ஐம்பது நிமிடம்.

செலவுக் கணக்கு: தந்தி செட் 400, உதிரித் தந்திகள் மூன்று 180, சுரைக்காய் 1,200, மேளம் கட்ட 6,000, குதிரை 800, மெருகு 700, மூன்று தடவை தஞ்சாவூர் போய்வரப் பஸ் செலவு வீணை டிக்கெட் உட்பட 480. ஆக 9,760 ரூபாய். வகுப்புக்குப் பதினோரு மாதம் 11,000 தனி. இதில் மெருகின் 700 மட்டும் முழுக்க முழுக்க என் முட்டாள்தனத்துக்குக் கட்டிய வரி.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், பரணிலிருந்து இறக்கிய அன்றே தொட்டு மீட்டும் சோதனையைச் செய்வேன். பத்து நிமிட வேலை, இரண்டு மாதம் மிச்சம். வகுப்பில் டீச்சரின் வீணையில் மட்டும் மூன்று மாதம் வாசித்துவிட்டுப் பிறகு வீட்டு வீணையைத் தொடுவேன். நோட்டை முதல் நாளே திறப்பேன். சிறு சீரமைப்புக்கு அயர்ன் போதும்; இருபத்து நான்கையும் நான் கட்டுவேன் என்று இனி நினைக்க மாட்டேன். பத்தொன்பதாவது மெட்டு லேசாகக் கரகரக்கிறது, அதைத் தொடவில்லை. அந்த உயரத்துக்கு நான் போக இன்னும் ஒரு வருடமாவது ஆகும்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு நோட்டையும் எடுத்துப் போய் டீச்சரிடம் காட்டினேன். நி-யைச் சரிசெய்துவிட்டேன் என்றேன். வாசிக்கச் சொன்னார், தலையசைத்தார். பிறகு, அலங்காரம் போகிற போக்கில் நடக்கட்டும், கூடவே கீதமும் தொடங்கலாம் என்று சொல்லி, முதல் கீதத்தின் சுரங்களைப் பலகையில் எழுதினார். மலஹரி ராகம். ஏறும்போது ச ரி ம ப த ச. இறங்கும்போது ச த ப ம க ரி ச. இரண்டு தடவை பார்த்தேன். மலஹரியில் நிஷாதமே இல்லை.